மிதிக்காமல் உருண்ட அரை மைல்

என் வீட்டுக்காரர் டொர்மொட் முப்பத்தொரு வருடம் தோரசே தீவின் படகுத்துறையில் கயிறு பிடித்தார். படகிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்து இரும்புக் குற்றியில் மாட்ட வேண்டும். படகு கிளம்பும்போது கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கொஞ்சம் பொறுமை இருந்தால் ஒரு ஆட்டுக்குக்கூடப் பழக்கிவிடலாம். ஆனால் அந்த மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு இவர் நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டுமே! அட்லாண்டிக் கடலுக்கே இவர்தான் மூக்கணாங்கயிறு போட்டு வைத்திருக்கிறார் என்று நினைப்பீர்கள்.

கயிற்றோடு இன்னொரு அதிகாரமும் இருந்தது. கேட். படகு கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது துறையின் கேட்டை மூட வேண்டும் என்பது சட்டம். மற்றத் தீவுகளில் கயிறு பிடிக்கிறவர்கள் மனிதர்கள். தூரத்தில் ஒரு கார் அடித்துப் பிடித்து வருவது தெரிந்தால், ஷூ நாடாவைக் கட்டுகிற சாக்கில் ஒரு நிமிடம் குனிந்துகொள்வார்கள். என் மனுஷனுக்கு நாடாவே அவிழாது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், மூடுவார், பூட்டுவார். கைக்குழந்தைக்காரி கெஞ்சினாலும் சரி, ஆடு ஏற்றி வந்தவன் அம்மா ஆத்தா என்று திட்டினாலும் சரி, ஒரே பதில்தான். "ரூல்னா ரூல்." அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நின்றபடியே உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஏதோ யுத்தத்தில் ஜெயித்தவர் போலத் தூங்குவார்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் பக்கத்து வீட்டு லாக்லன் படகு கிளம்ப எட்டு நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தான். அவன் அம்மா அக்கரையில் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தாள். "டொர்மொட்டு, திறடா. அம்மாடா" என்றான். இவர் கடிகாரத்தைக் காட்டினார். படகு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. சாய்வுப் பலகையைக்கூட இன்னும் தூக்கவில்லை. அடுத்த படகு வியாழக்கிழமை. கிழவி புதன்கிழமை போய்விட்டாள். லாக்லன் போய்ப் பார்த்தது பெட்டியைத்தான். அன்றிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர். ஒரு வார்த்தை கிடையாது. நான் பேசுவேன். எனக்கென்ன, நானா கேட்டை மூடினேன்?

இந்த மனுஷன் மனதார வெறுத்தது சைக்கிள்காரர்களை. மே மாதம் பிறந்தால் படகு வாயைத் திறந்து அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கக்கும். உடம்போடு ஒட்டிய துணி, தலையில் கவிழ்த்த கூடை, முதுகில் தண்ணீர்க் குழாய். எங்கள் சாலை ஒரு கார் போகிற அகலம்தான். எதிரில் ஆள் வந்தால் ஒதுங்குவதற்கென்று ஆங்காங்கே இடம் விட்டிருக்கும். இவர்கள் ஒதுங்கமாட்டார்கள். பின்னால் ஆம்புலன்ஸே வந்தாலும் இயற்கையை ரசித்துக்கொண்டுதான் போவார்கள். நாங்கள் குளிர்காலத்துக்கு எரிக்க வெட்டி அடுக்கிய கரியமண் கட்டிகள் மேல் ஏறி நின்று போட்டோ எடுப்பார்கள். இறங்கி வந்து, இங்கே நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். "வளந்த ஆம்பளைங்க! வேல வெட்டி இல்லாம சக்கரத்துல சுத்திக்கிட்டுத் திரியுறானுங்க பாரு" என்பார் இவர். கல்யாணம் ஆகி நாற்பது வருடத்தில் நான் இவரோடு ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவர்களில் யாராவது ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வெளியே எடுத்துவிட்டால் இவருக்கு ஜன்னி கண்டுவிடும். எங்கள் சபையில் ஞாயிறு என்றால் ஓய்வுநாள். துணி காயப்போடக் கூடாது. உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே உரித்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். குழந்தைகள் ஆடுகிற ஊஞ்சலுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள்; அந்தச் சாவியும் இவர் சட்டைப்பையில்தான் இருந்தது, வேறெங்கே இருக்கும்? தேவாலயத்துக்குக் காரில் போகலாம், அது அவசியம். சைக்கிளில் போகக் கூடாது, அது உல்லாசம். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எட்டு வயதில் கேட்டு அறை வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னவள் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மனுஷனுக்குக் குரல் உண்டு. எங்கள் வழிபாட்டில் வாத்தியம் கிடையாது. முன்னால் கூண்டு போன்ற இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து பைபிளில் உள்ள சங்கீதப் பாட்டின் ஒவ்வொரு அடியையும் தனியாக எடுத்துக் கொடுப்பார். சபை மொத்தமும் அதை வாங்கிப் பாடும். அடி எடுத்துக் கொடுக்கிறவர் சரியில்லை என்றால் முந்நூறு பேரும் சேற்றில் மாட்டிய மாடுதான். இவர் எடுத்துக் கொடுத்தால் கூரை சற்று உயர்ந்தது போல இருக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் இந்த ஆளைக் கட்டிக்கொண்டேன். குரலோடு மீதி ஆளும் சேர்ந்து வருவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கூண்டு வேறொருவருக்குப் பட்டா ஆகிவிட்டது. இவருக்கு வாய்த்ததெல்லாம் புதன்கிழமை ஜெபக்கூட்டம். பதினான்கு பேர், அதில் ஆறு பேருக்குக் காது கேட்காது. இப்படியே வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. அப்போதுதான் போன பிப்ரவரியில் ஸ்காலசேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஸ்காலசே எங்களையும் தாண்டி இரண்டு மணி நேரப் படகு. அதற்கு அப்பால் கனடாதான். ஜூன் மாதம் அங்கே அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு எல்லாத் தீவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களுடைய பாடகருக்குத் தொண்டை போய்விட்டதாம். ஞாயிறு பன்னிரண்டு மணி ஆராதனைக்கு டொர்மொட் வந்து அடி எடுத்துக் கொடுக்க முடியுமா என்று அந்தச் சபையின் மூத்த மூப்பர் ஏனியஸ் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஸ்காலசேக் கூண்டில் ஒருமுறை உட்கார்ந்தவரை அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். "ஸ்காலசேல பாடுனவரு" என்பார்கள், கல்லறை வரைக்கும். இவர் அந்தக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக ஒரு வாரம் இருந்தார். பிறகு பாட ஆரம்பித்தார். அடுப்படியில் பாடினார், ஆட்டுக்கொட்டகையில் பாடினார், கக்கூஸில் பாடினார். கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொண்டன. வாழ்நாளில் அவர் ஆசைப்பட்டதில் கேட்காமலே கைக்கு வந்த ஒரே பொருள் அது. அதனால் கோழிகள் சார்பிலும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் மாதம் கண் டாக்டர், ஓரப்பார்வை போய்விட்டது, இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஸ்காலசேயில் பஸ் என்ற சொல்லே இல்லை. படகுத்துறை ஒரு கோடியில், தேவாலயம் மறு கோடியில், நடுவில் எட்டு மைல். எங்கள் தெருவிலிருந்து திருவிருந்துக்குக் காரில் போகிறவன் லாக்லன் ஒருவன்தான்.

லாக்லன் வேலியோரம் வந்து என்னிடம் சொன்னான். "டோலினாக்கா, உனக்குக் கார்ல இடம் இருக்கு. அவருக்கும் இருக்கு. ஆனா அவரே வந்து வாயத் தொறந்து கேக்கணும்."

உள்ளே போய்ச் சொன்னேன். "நானா? அவன்கிட்டயா?" என்றார்.

"ஆமாய்யா, நீதான். கேட்டா என்ன, வாய்ல கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"கேக்கமாட்டேன்."

"அப்ப எப்பிடிப் போவ? நீந்தியா?"

எழுந்து படகுத்துறைப் பக்கம் போனார். அங்கே சாமான் கொட்டகையில் மூன்று வருடமாக ஒரு சைக்கிள் கிடந்தது. ஏதோ ஒரு பெண், நான்கு நாள் மழையில் நனைந்தபின், இனி ஜென்மத்துக்கும் இதில் ஏறமாட்டேன் என்று அதை அங்கேயே போட்டுவிட்டுப் படகேறிவிட்டாள். "உரியவர் வந்தால் கொடுக்கவும்" என்று இவர் கையாலேயே எழுதிய அட்டை அதில் தொங்கியது. சாயங்காலம் எங்கள் வாசலுக்கு யார் வந்தது என்கிறீர்கள்? ஆரஞ்சு நிறத்தில் ஒரு சைக்கிள். அதைத் தள்ளிக்கொண்டு, வளர்ந்த ஆம்பளை ஒருவர்.

சின்ன வயதில் ஓட்டியதுதான். அறுபத்தாறு வயதில், ஒரு முட்டி தேய்ந்த நிலையில், திரும்பவும் பழகினார். முதல் வாரம் மூன்று முறை வாய்க்காலில் விழுந்தார். ஊரே திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தது. நான் திரைச்சீலையை விலக்கிவிட்டே பார்த்தேன். "அடிபட்டுச்சாய்யா?" என்று கேட்டால், "யாரு விழுந்தா? இறங்குனேன்" என்பார். மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

ஜூன் மாதம் அந்தச் சனிக்கிழமை நாங்கள் கிளம்பினோம். நான் லாக்லனின் காரில், இவர் சைக்கிளில், எல்லாரும் ஒரே படகில். கார்களை ஏற்றிய பிறகு சைக்கிள்களைக் கீழ்த்தட்டுச் சுவரோரம் நிறுத்திக் கட்டச் சொல்வார்கள். பதினைந்து ஒட்டுத்துணிக்காரர்களுக்கு நடுவில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக இவர் நின்றார். அவர்களில் ஒருவன் சிநேகமாகப் பக்கத்தில் வந்தான்.

"உங்களுக்கு இது எத்தனாவது தீவு சார்?"

"என்ன எத்தனாவது?"

"எனக்கு ஒன்பதாவது. எட்டே நாள்ல! நாளைக்குப் பத்து."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் இவர், கேட்டை மூடுகிற குரலில்.

அவனுக்கு அது உறைக்கவே இல்லை. இவருடைய சைக்கிளைக் குனிந்து பார்த்துவிட்டு, "முடிச்சு தப்பாப் போட்டிருக்கீங்க சார். படகு ஆடுச்சுன்னா அவுந்துரும். இருங்க, நான் போட்டுத் தரேன்" என்றான். முப்பத்தொரு வருடம் கப்பலைக் கட்டிய மனுஷனுக்கு! நான் காருக்குள் உட்கார்ந்து விலா நோகச் சிரித்தேன். லாக்லன் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான், தோள் குலுங்கியது. போகும்போது அந்தப் பையன் இவர் கையில் ஒரு வாழைப்பழத்தை வேறு திணித்தான். தொடைக்கு நல்லதாம். எறிய மனம் வராமல் இரண்டு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இரவு தங்கியது என் சித்தி மகள் ஷோனக் வீட்டில். ஸ்காலசேத் துறைக்கு மேலே மேட்டில் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இவர் கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

"ஏன்யா, ஓட்டக் கூடாதுன்னா அத எதுக்கு இழுத்துக்கிட்டுப் போற? காத்து வாங்கவா?"

"முட்டி வலிக்குதுடி. சாஞ்சுக்க ஒண்ணு வேணும்."

"அவன் கார்ல சும்மா ஏறி உக்காந்தா என்ன? இன்னிக்குப் போய் வீம்பா?"

"ஓய்வுநாள்ல வாயாடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு மைலுக்கு ஐந்தரை மணி நேரம்; கணக்கெல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தார். பன்னிரண்டு மணி ஆராதனைக்கு அடி எடுத்துக் கொடுக்கிறவர் பதினொன்று ஐம்பதுக்குக் கூண்டில் இருக்க வேண்டும். அங்கேயும் பத்து நிமிடம்தான்.

நாங்கள் காரில் போகையில் பதினொன்று இருபதுக்கு அவரைப் பிடித்தோம். இன்னும் ஒரு மைல் பாக்கி இருந்தது. முழங்கால் வரை சேறு. வழியில் ஒரு சினை ஆடு பள்ளத்தில் மல்லாந்து கிடந்ததாம். ஈரக் கம்பளியோடு மல்லாந்த ஆடு தானாக எழாது. விட்டால் மதியத்துக்குள் செத்துப்போகும். குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கலாம் என்று ஓய்வுநாளுக்கே வேதத்தில் அனுமதி இருக்கிறது. அனுமதி இருந்தால் இவர் விடுவாரா? ஒற்றை முட்டியோடு பள்ளத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, அதை நிமிர்த்தி, அது நிலையாக நிற்கிற வரை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

லாக்லன் கண்ணாடியை இறக்கினான். பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் சொல். "ஏறு."

இவர் சாலையைப் பார்த்தபடியே, "நடந்துருவேன்" என்றார்.

"மணி என்னன்னு தெரியுதா?"

"எனக்கே மணி சொல்றியா நீ?"

லாக்லன் கண்ணாடியை ஏற்றினான். "அக்கா, இவரு செத்தாலும் நட்டமா நின்னுதான் சாவாரு" என்றான். நான் என்ன சொல்ல? தாண்டிப் போகாதே, பின்னாலேயே போ என்றேன். தாண்டவும் முடியாது; ஒதுங்கும் இடம் வந்தபோதும் இவர் ஒதுங்கவில்லை. சவ ஊர்வலம் போகிற வேகத்தில் அந்தக் காலின் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் ஒரு பக்கம் இறங்கியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிப்ரவரியிலிருந்து பாடிய பாட்டு, கேவலம் ஒரு வீம்பில் போகப்போகிறதே!

மேட்டின் உச்சிக்கு வந்தபோது கீழே அரை மைலில் தேவாலயம் தெரிந்தது. தகரக் கூரை, சுற்றிலும் முப்பது நாற்பது கார், வாசலில் கறுப்புக் கோட்டுகள். இவர் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. இறக்கத்தில் அந்த முட்டியோடு இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். பின்னாலிருந்து பார்த்தேன், கழுத்து சிவந்துபோனது. வாழ்க்கையில் முதல் தடவையாக மனுஷன் கேட்டுக்கு வெளியே நின்றார்.

வலிக்கிற காலைத் தூக்கிச் சைக்கிளின் மறுபக்கம் போட்டார்.

"ஐயையோ, ஏறுறாருக்கா!" என்றான் லாக்லன்.

"மிதிக்கலடா. பாரு, மிதிக்கல!"

உண்மையிலேயே மிதிக்கவில்லை. ஒரு சுற்றுக்கூட மிதிக்கவில்லை என்பதை ஊருக்கே காட்டுகிற மாதிரி இரண்டு காலையும் பக்கவாட்டில் அகல நீட்டிக்கொண்டார். சைக்கிள் நகர்ந்தது, உருண்டது, பிறகு பறந்தது. கோட்டின் வால் இரண்டும் எழும்பின. தொப்பி கழன்று எங்கள் காரின் கண்ணாடியில் வந்து மோதியது. ஆடுகள் இரண்டு பக்கமும் சிதறின. "ஹோ" என்று ஒரு சத்தம். அது எந்தச் சங்கீதத்திலும் இல்லாத ராகம். ஸ்காலசேச் சபை மொத்தமும் வாசலில் நின்று, திருவிருந்துக்கு அடி எடுத்துக் கொடுக்க வந்தவர் ஆரஞ்சு நிற சைக்கிளில் கால் பரப்பிக்கொண்டு வருவதைப் பார்த்தது.

நாங்கள் போய் இறங்கியபோது மூப்பர்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். எண்பது வயது ஏனியஸ்தான் கேட்டார்.

"டொர்மொட் ஐயா, ஓட்டிக்கிட்டா வந்தீங்க?"

"மிதிக்கலைங்க. மேட்டு மேல இருந்து அது தானா உருண்டுச்சு."

தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள். இவர்கள் பேசுகிற அழகை என்னவென்று சொல்ல! உட்கார்ந்திருப்பது உழைப்பாகுமா என்றார் ஒருவர். மேட்டைப் படைத்தவர் யார் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் திரும்பி வந்து, "பிரேக் பிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"பிடிச்சேன். இல்லேன்னா உங்க மேலதான் வந்து நின்னிருப்பேன்."

உயிர் காக்கப் பிடித்த பிரேக் பாவமில்லை என்று முடிவானது. இதையெல்லாம் பேசியவர்கள் யார்? காரில் வந்து இறங்கியவர்கள். அந்தக் கார்களின் மூக்கு இன்னும் சூடாக இருந்தது. கையை வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. அந்த வாசலில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை.

ஏனியஸ் கடைசியாக ஒன்று கேட்டார். நல்ல மனிதர்தான், கேட்காமல் விட அவரால் முடியவில்லை. "உருண்டு வரும்போது மனசுக்கு நல்லா இருந்துச்சுங்களா?"

எல்லாருக்கும் புரிந்தது. வேலை செய்தாரா இல்லையா என்பதைவிட, அந்த நாளில் தன் இன்பத்தைத் தேடினாரா என்பதுதான் பெரிய கேள்வி. பதிலும் சுலபம். "இல்ல" என்றால் கதவு திறக்கும், கூண்டு இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது. மணி ஐம்பது ஆக இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

இவர் வாயைத் திறக்குமுன் லாக்லன் முந்திக்கொண்டான். "நல்லாவா? நான் பின்னாடியேதான வந்தேன்! பயந்து அலறிக்கிட்டு வந்தாரு மனுஷன். உங்களுக்கு இங்க கேக்கல?"

ஓய்வுநாளில், தேவாலய வாசலில், பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னான். யாருக்காக? தாய் முகத்தைப் பார்க்கவிடாத ஆளுக்காக. ஏனியஸின் முகம் தெளிந்தது. அவர் கை கதவுக்கே போய்விட்டது. நான் இவர் விலாவில் இடித்து, "தலைய ஆட்டுய்யா" என்றேன்.

"லாக்லன் நல்லதுக்குச் சொல்றான்" என்றார் இவர். "நான் பயத்துல கத்தலைங்க."

"பின்ன?"

"நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. பத்து வயசுல கூட அப்பிடி இருந்ததில்ல."

ஏனியஸ் தரையைப் பார்த்தபடி, "பின்னாடி வரிசைல உக்காருங்கய்யா" என்றார்.

ஒரு "இல்ல". ஒரே ஒரு "இல்ல" சொல்லியிருக்கக் கூடாதா? நாற்பது வருடமாக என்னிடம் "இல்ல" தவிர வேறெதுவும் சொல்லாத வாய்! கூண்டில் ஏனியஸின் மருமகன் போய் உட்கார்ந்தான். துருப்பிடித்த கீல் அவன் குரல். முதல் அடியையே எட்டாத உயரத்தில் எடுத்துவிட்டு நடுவழியில் விட்டுவிட்டான். முந்நூறு பேரும் ஆளுக்கொரு பக்கம் தடுமாறினார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கன்னத்தில் தண்ணீர் இறங்க இறங்க, தாழ்ந்த குரலில், மற்றவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். முட்டாள் மனுஷன். நாற்பது வருடத்தில் அந்த முட்டாளை அவ்வளவு பெருமையாக நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லித் தொலைக்கவும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை மூன்று இருபதுக்குப் படகு. லாக்லன் எங்கள் பைகளையும் காரில் போட்டுக்கொண்டு முன்னாலேயே போய் வரிசையில் நின்றுவிட்டான். நாங்கள் இருவரும் ஷோனக் வீட்டிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பினோம். கேட் மூடுவது மூன்று பத்துக்கு. வாசலிலிருந்தே இறக்கம்தான், நேரே துறையில் போய் முடியும்.

இவர் சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஏறு" என்றார்.

"எனக்கு அறுபத்திநாலு வயசுய்யா."

"கேரியர் தாங்கும்."

"நான் என்ன மாவு மூட்டையா?" என்றேன். சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

அது எப்படி இருந்தது என்று இந்தத் தீவுகளில் யாரிடமும் நான் சொல்லப்போவதில்லை. கத்தினேன் என்பது மட்டும் உண்மை. பயத்தில் இல்லை. கீழே வந்து நின்றபோது மணி மூன்றாகி மூன்று நிமிடம். கேட் திறந்திருந்தது. நான் இறங்கிப் பாவாடையைச் சரி செய்துகொண்டு, "இன்னொரு தடவ" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூடிருவாங்கடி."

"மூடட்டும்."

என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம், கர்த்தர் சாட்சி, சைக்கிளை மேட்டுப் பக்கம் திருப்பினார்.

இரண்டாவது முறை நாங்கள் கீழே வந்து சேர்ந்தபோது கேட் பூட்டிக் கிடந்தது. மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், இவரை யாரென்று தெரியாமல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். "பத்து நிமிஷத்துக்கு முன்னாடி மூடிருவோம்ங்க." இவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் நின்றார். அதாவது, இத்தனை வருடம் நாங்களெல்லாம் நின்ற பக்கம்.

படகு நகர்ந்தது. மேல்தட்டில் லாக்லன் எங்களைப் பார்த்துவிட்டான். எங்கள் பைகளோடு அவன் மட்டும் போகிறான். இரண்டு கையையும் வாயில் குவித்து, பதினொரு வருடமாகச் சேர்த்து வைத்ததை மொத்தமாகக் கொட்டினான். "ரூல்னா ரூ...ல்!" பக்கத்தில் நின்ற ஒட்டுத்துணிக்காரர்கள் எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்தார். ஸ்காலசேக் கூண்டுக்கென்று பிப்ரவரியிலிருந்து தீட்டி வைத்திருந்த குரல் அப்போதுதான் வெளியே வந்தது.

"லாக்லன்! அன்னிக்கு நான் கேட்டத் திறந்திருக்கணும்டா! உங்கம்மாவப் பாக்க உன்ன விட்டிருக்கணும்!"

மேல்தட்டில் சிரிப்பு நின்றது. லாக்லன் அசையாமல் நின்றான். பிறகு ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, "கேக்கல! திருப்பிச் சொல்லு!" என்று கத்தினான்.

கேட்காமல் என்ன? அந்தக் குரல் அக்கரை ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டிருக்கும். அவனுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். இருந்தும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாக, முன்னிலும் உரக்க, திருப்பிச் சொன்னார். லாக்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படகு முனையைத் தாண்டி மறைகிற வரை எங்களையே பார்த்தபடி நின்றான்.

அடுத்த படகு புதன்கிழமை.